மேசையைத்தான் துடைத்தாள்

அக்கரப்பத்தனையில் பஸ் திரும்பிப் போகிற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சத் தூரம் மேலே ஏறினால் மூங்கிலாறு தேயிலைத் தோட்டம். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, அதே தோட்டத்து ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் கோகிலவாணி. அதுவரை லயத்துப் பெண்கள் ஆபீசுக்குள் போனால் கூட்டுவதற்கும் தேத்தண்ணி ஊற்றுவதற்கும்தான் போவார்கள்.

அவளுடைய அம்மா மீனம்மா கொழுந்து பறிப்பவள். அப்பா இறந்த பிறகு மகனையும் மகளையும் அவள் ஒருத்தியே வளர்த்தாள். மகன் தியாகு குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனான். மகள் ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய் உயர்தரம் படித்தாள். பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. சும்மா இருக்காமல் ஹட்டனிலேயே கம்ப்யூட்டர் வகுப்பு ஒன்றை முடித்தாள். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுத் தொடக்கத்தில் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு லேப்டாப் வந்தபோது, அதைத் திறந்து வேலை செய்யத் தெரிந்த ஆள் தோட்டத்தில் அவள் ஒருத்திதான். தோட்டத்தை நடத்தும் துரை அவளையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்த அன்று மீனம்மா மலையிலிருந்து ஆபீஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கொழுந்து பறித்தாளாம். "எம்மவ உள்ளுக்கு மின்விசிறிக்குக் கீழ ஒக்காந்திருக்கா" என்று கூட்டத்தில் எல்லோரிடமும் சொன்னாளாம். ஆபீசில் மின்விசிறியே கிடையாது. அந்தக் குளிருக்கு அது எதற்கு?

ஆபீசில் பெரிய கிளாக்கர் ஜெயரத்தினம். யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடங்களாக மலையில் வேலை செய்பவர். நல்ல மனிதர்தான், ஆனால் துரைக்கு முன்னால் எதிலும் தவறு வந்துவிடக்கூடாது என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. ஆபீசைக் கூட்டித் துடைத்து, தேத்தண்ணி ஊற்றிக்கொடுப்பவள் அம்மாக்கண்ணு. அவளும் ஒரு காலத்தில் மீனம்மாவோடு ஒரே கூட்டத்தில் கொழுந்து பறித்தவள்தான். ஒரு மழைநாளில் கூடையோடு சரிந்து விழுந்து இடுப்பு எலும்பு பிசகியது. பிறகு அவளால் மலையேற முடியவில்லை என்று முந்தைய துரை ஆபீஸ் வேலையைக் கொடுத்திருந்தார். கோகிலவாணி அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அண்ணன் தியாகு ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு வளையல் கொடுத்தனுப்பினான். பொன்னிறத்தில் பட்டையாக, பார்க்க அழகாக இருந்தது. உள்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னக் காந்த வில்லைகள். போட்டுக்கொண்டால் தலைவலி வராது, இரத்த ஓட்டம் சீராகும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. கோகிலவாணி அதை இடது கையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

அம்மாக்கண்ணு தேத்தண்ணியை வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"தங்கமா புள்ள?"

"ஆமா சின்னம்மா. அண்ணன் அனுப்புச்சு."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்ன பிறகு திருத்தவும் மனம் வரவில்லை.

அந்த வாரத்திலேயே லேப்டாப்பின் திரை அணைய ஆரம்பித்தது. கொழுந்து நிறைகளைப் பதிந்துகொண்டிருப்பாள். சட்டென்று திரை கறுத்துப்போகும். பதறிப்போய்க் கையை எடுத்து அங்கே இங்கே தட்டுவாள், மறுபடி வெளிச்சம் வரும். கொஞ்ச நேரம் ஓடும். பிறகு மறுபடியும் அணையும்.

முதலில் கரண்ட் என்று நினைத்தாள். அந்தப் பக்கத்துக் கரண்ட்டை நம்ப முடியாது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பார்த்தாள், அப்போதும் அணைந்தது. சிறிது நேரம் தொடாமல் இருந்தால் திரை அணைகிற ஏற்பாடு மெஷினுக்குள் இருக்கிறது, அதை நிறுத்திப் பார்த்தாள். பலனில்லை. மூடியை முன்னும் பின்னும் சாய்த்து, கீலில் வயர் ஏதும் நசுங்கியிருக்கிறதா என்று அசைத்தும் பார்த்தாள். அசைக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் அணைந்தது.

"என்ன பிள்ளை, திரும்பவும் நூந்து போச்சே?" என்று ஜெயரத்தினம் தன் மேசையிலிருந்து எட்டிப்பார்ப்பார். எழுந்து வந்து தானே இரண்டு விரலால் தட்டிப்பார்ப்பார். அவருக்கு ஒருமுறைகூட அணைந்ததில்லை. அது கோகிலவாணிக்கு இன்னும் அவமானமாக இருந்தது. கம்ப்யூட்டர் படித்தவள் என்று எடுத்தார்கள், இவள் தொட்டால் மட்டும் மெஷின் படுத்துக்கொள்கிறது.

மாத முடிவில் சம்பளக் கணக்கு நேரம். துரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை அணைந்தது. வெளிச்சம் வந்தது, மறுபடி அணைந்தது. துரை ஜெயரத்தினத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஜெயரத்தினம் ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்துகிற பாஹிமுக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்ட பாஹிம், பார்க்காமல் சரியாகச் சொல்ல முடியாது, உள்ளே ஈரம் போயிருந்தாலும் இப்படிச் செய்யும், கொண்டுவாருங்கள் என்றான். ஈரம் என்ற சொல் ஜெயரத்தினத்தின் காதில் தங்கிவிட்டது.

"உதுக்குக் கிட்ட ஆர் வாறது? உம்மைத் தவிர வேற ஆர் தொடுறது?" என்று அவளைக் கேட்டார்.

அம்மாக்கண்ணு காலையில் மேசையைத் துடைப்பதை கோகிலவாணி தினமும் பார்த்திருக்கிறாள். துணியை நன்றாகப் பிழிந்து மேசையை மட்டும் துடைப்பாள். லேப்டாப் இருக்கும் இடத்தில் கை போகாது. சாமி படத்தைச் சுற்றித் துடைப்பதுபோல அதைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போவாள்.

"அம்மாக்கண்ணு சின்னம்மாதான்... காலையில ஈரத்துணியால தொடைப்பாங்க" என்றாள் கோகிலவாணி.

"மெஷினையோ?"

அவள் தலையைக் குனிந்து கொண்டாள். இல்லை, மேசையை மட்டும்தான் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வி தன்மேல்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நான் அதத் தொட்டதே இல்லீங்கய்யா, மேசையத்தான் தொடச்சேன்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லிக்கொண்டே கோகிலவாணியைப் பார்த்தாள். கோகிலவாணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் பெரட்டில், அதாவது காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரித்துவிடுகிற இடத்தில், கணக்கப்பிள்ளை இராமையா எல்லோருக்கும் கேட்கும்படி, "அம்மாக்கண்ணு இனிமே கொழுந்துக்கு. ஆபீஸ்ல கம்பியூட்டரத் தண்ணி ஊத்திக் கெடுத்துருச்சாம்" என்று சொன்னார். தண்ணி ஊற்றினாள் என்று யாருமே சொல்லவில்லை. ஈரத்துணி, பெரட்டுக்களத்துக்கு வந்து சேர்வதற்குள் தண்ணி ஆகிவிட்டது.

லேப்டாப் பாஹிமின் கடைக்குப் போய்த் திரும்பி வந்தது. எங்கள் கடையில் நன்றாகத்தான் வேலை செய்தது, ஈரமும் இல்லை, தூசியைத் தட்டிச் சுத்தம் பண்ணியிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அது வந்த அன்று காலை கோகிலவாணி குறுக்குப் பாதையில் இறங்கும்போது ஒரு குளவி இடது மணிக்கட்டில் கொட்டிவிட்டது. கை வீங்கிவிட்டதால் வளையலைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். அன்று முழுவதும் திரை அணையவில்லை. மறுநாளும் அணையவில்லை.

"பாத்தீரே பிள்ளை? ஆளை மாத்தின உடன எல்லாம் சரி" என்றார் ஜெயரத்தினம்.

கோகிலவாணிக்கும் அது ஆறுதலாக இருந்தது. நான் சொன்னது பொய் இல்லை போலிருக்கிறது, சின்னம்மா ஒருவேளை தொட்டுத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீக்கம் வடிந்ததும் வளையலை மறுபடி போட்டுக்கொண்டு வந்தாள். மெஷினைத் திறந்து இடது கையை அதன் விளிம்பில் வைத்தாள். திரை அணைந்தது.

ஜெயரத்தினம் ஃபாக்டரிக்குப் போயிருந்தார். ஆபீசில் வேறு யாரும் இல்லை. கோகிலவாணி கையை எடுத்தாள், வெளிச்சம் வந்தது. வைத்தாள், அணைந்தது. வலது கையை அதே இடத்தில் வைத்தாள், ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் மேசையில் கிடந்த குண்டூசி ஒன்று வளையலின் உள்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். வளையலைக் கழற்றி விரலால் பிடித்து, மெஷினின் இடது மூலைக்குக் கொண்டுபோனாள். திரை கறுத்தது. தூக்கினாள், வந்தது. மறுபடி கொண்டுபோனாள், கறுத்தது.

பாஹிமுக்குப் போன் போட்டு மெல்லிய குரலில் கேட்டாள். அவன் சிரித்துவிட்டான்.

"அட, காந்தமா? மூடியில ஒரு சின்னக் காந்தம் இருக்கி தங்கச்சி. மூடினா அது கீழ உள்ள சுவிச்சோட சேரும். அப்ப மெஷின், மூடிட்டாங்கன்னு நெனச்சி லைட்ட நிப்பாட்டும். ஒங்கட வளையல் கிட்ட வந்தா அதுக்கு மூடின மாதிரித்தான். மெஷின்ல ஒரு பிழையும் இல்ல."

"யாருகிட்டயும் சொல்லிறாதீங்க" என்றாள்.

"நான் யாருட்ட சொல்லப் போறன்? நீங்க ஒங்கட பெரியவர்ட்ட சொல்லிருங்க."

அவள் சொல்லவில்லை. வளையலை வீட்டுப் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். திரை அதன் பிறகு அணையவே இல்லை. ஒவ்வொரு நாளும் அது அணையாமல் இருக்க இருக்க, அம்மாக்கண்ணுதான் கெடுத்தாள் என்பது ஆபீசில் இன்னும் உறுதியாகிக்கொண்டே போனது.

சாயங்காலங்களில் மீனம்மா வீட்டுக்கு வந்து, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே மலையில் நடந்ததைச் சொல்வாள். "அம்மாக்கண்ணு இன்னைக்கும் வழுக்கி விழுந்துருச்சு. கொழுந்தெல்லாம் கொட்டிப் போச்சு. நாங்க நாலு பேரு ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிப் போட்டோம்." இன்னொரு நாள், "அதப் போயி எல்லாரும் தண்ணிக்காரின்னு கூப்புடுறாளுக. பாவமா இருக்கு. ஆனா நீ படிச்சிட்டுப் பாக்குற வேலைக்கு ஒல வைக்கப் பாத்தாளே, அத நெனச்சாத்தான் கோவமா வருது" என்றாள்.

கோகிலவாணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "வயிறு சரியில்லம்மா" என்று சொல்லி எழுந்துவிட்டாள். அம்மா அடுப்பில் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி வைத்துக்கொடுத்தாள். அதைக் குடிக்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

ஒருநாள் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தபோது, கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு அம்மாக்கண்ணு கடைசி ஆளாக வந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாகக் காலை வைத்து வைத்து இறங்கினாள். வரிசையில் நின்றவர்கள் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. கோகிலவாணி எழுந்து ஜெயரத்தினத்தின் மேசைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இப்ப ஏன் பிள்ளை இதைக் கிளறுறீர்? முடிஞ்ச கதை. துரையிட்ட நான்தான் போய்ச் சொன்னனான். இப்ப மாத்திச் சொன்னா என்னைப் பற்றி என்னெண்டு நினைப்பார்?"

"அவங்க மலையில விழுந்து விழுந்து எந்திரிக்கிறாங்க ஐயா."

"சரி, சரி. நான் ஒரு வழி பாக்கிறன். நீர் வாயைத் திறக்காதையும்."

அவர் பார்த்த வழி இதுதான்: அம்மாக்கண்ணுவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, நடந்தது நடந்துபோச்சு, உன்னை மன்னித்து மறுபடி வேலைக்கு எடுக்கிறோம், இனிமேல் கவனமாக இரு என்றார். தன்னால் முடிந்த நல்லதைச் செய்துவிட்டதாகத்தான் அவர் நினைத்தார்.

அம்மாக்கண்ணு கொழுந்துக் கூடையை முதுகிலிருந்து இறக்காமலேயே நின்றாள்.

"என்னய எதுக்குங்க மன்னிக்கிறீங்க? நான் ஒன்னும் பண்ணலியே. இந்த வேல எனக்கு வேணாங்க." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு ஆபீஸ் படிகளில் இறங்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை கோகிலவாணி உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று வேலை முடிந்ததும் அவள் அம்மாக்கண்ணுவின் லயத்துக்குப் போனாள். அம்மாக்கண்ணு வாசலில் விறகு முறித்துக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"சின்னம்மா, மெஷின நீங்க கெடுக்கல. என் கையில போட்டிருந்த வளையல்தான். அது காந்தம். நான் தெரியாமத்தான்..." அங்கே நிறுத்தி, "மொதல்ல தெரியாது. பொறகு தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்டேன். நீங்க மேசைய மட்டுந்தான் தொடச்சீங்கன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள்.

அம்மாக்கண்ணு கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு ஒன்னயப் பாத்தேன்ல. ஒரு வார்த்த சொல்லும்னு நெனச்சேன். மீனம்மா மகதானே, நான் இடுப்புல தூக்கி வச்ச புள்ளதானேன்னு நெனச்சேன்."

கோகிலவாணி அழுதாள். அம்மாக்கண்ணு அதைப் பார்த்து இளகவில்லை.

"இங்க வந்து எங்கிட்ட அழுது என்னா ஆவப் போவுது? நான் பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? என்னயத் தண்ணிக்காரின்னு சொன்னது பெரட்டுல. அங்க வந்து சொல்லு."

கோகிலவாணி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். மீனம்மா அன்று சந்தோஷமாக இருந்தாள். மகளுக்கு ஆபீசில் மாதச் சம்பள உத்தியோகம் நிரந்தரமாகப் போகிறது என்று யாரோ மலையில் சொன்னார்களாம். அதைக் கேட்டபிறகு கோகிலவாணியால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை பனிமூட்டம் இன்னும் விலகாத நேரத்தில் பெரட்டுக்களத்துக்குப் போனாள். தேயிலைச் செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆபீஸ் பிள்ளை எதற்கு இங்கே வந்தது என்று பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை இராமையாவிடம் போய், தான் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். சம்பள விஷயமாக இருக்கும் என்று நினைத்து அவர் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார்.

அவள் முதலில் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா சொல்லு புள்ள" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"ஆபீஸ் கம்பியூட்டர அம்மாக்கண்ணு சின்னம்மா கெடுக்கல. என் வளையல்ல காந்தம் இருந்துச்சு. அதனாலதான் லைட் நின்னுச்சு. தப்பு என்னோடது. சின்னம்மா மேல பழி போனப்போ நான் பேசாம இருந்துட்டேன்."

"அது தங்க வளையலுன்னுல்ல சொன்னா?" என்றாள் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள்.

"தங்கம் இல்ல. அதுவும் பொய்தான்."

யாரோ ஆபீசுக்காரங்களுக்கே உரிய புத்தி என்றார்கள். வேறொருத்தி, சொல்லவாவது வந்தாளே என்றாள். கோகிலவாணி அம்மாவைத் தேடினாள். மீனம்மா இரண்டாவது வரிசையில் நின்றாள். மகளைப் பார்க்கவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, இராமையா போகச் சொல்வதற்கு முன்பே தனியாக மலைப்பாதையில் ஏறிப்போனாள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரந்தான் தன் வாழ்க்கையிலேயே மோசமான நேரம் என்று கோகிலவாணி பிற்காலத்தில் சொல்வாள். பெரட்டில் பேசியதுகூட அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

இராமையா தொண்டையைச் செருமினார். "அம்மாக்கண்ணு, நானும் வெசாரிக்காம சொல்லிட்டேன்" என்றார். அம்மாக்கண்ணு தலையசைத்தாள், அவ்வளவுதான்.

செய்தி துரைக்குப் போய்ச் சேர்ந்தது. வேலை போய்விடும் என்று கோகிலவாணி நினைத்தாள். துரை சிரித்தார். வளையலைக் கொண்டுவரச் சொல்லி, தானே மெஷின் மூலையில் வைத்து வைத்துப் பார்த்தார். அதன் பிறகு தோட்டத்துக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லி, இந்தப் பிள்ளைதான் என்று அவளைக் காட்டுவார். வந்தவர்களும் சிரிப்பார்கள். அவளும் நின்று சிரிக்க வேண்டும். அம்மாக்கண்ணு பெயர் அந்தக் கதையில் வராது. ஜெயரத்தினம் கொஞ்ச நாள் கோகிலவாணியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அம்மாக்கண்ணுவை மறுபடி ஆபீசுக்குக் கூப்பிட அவரே லயத்துக்கு நடந்து போனார். இந்த முறை மன்னிப்பு என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. "நீ வராட்டி எனக்கு ஒழுங்கான தேத்தண்ணி இல்லையணை" என்றாராம்.

அம்மாக்கண்ணு வந்தாள். எல்லா மேசையையும் துடைத்தாள், லேப்டாப் இருந்த மேசையை மட்டும் தொடவில்லை. அதை கோகிலவாணியே தினமும் துடைத்துக்கொண்டாள். தேத்தண்ணிக் கோப்பை அவள் மேசைக்கும் வரும், பேச்சு வராது.

மீனம்மா வீட்டில் சோறு போட்டாள், துணி துவைத்துக் கொடுத்தாள், மகளோடு பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி பொறுக்க முடியாமல், "திட்டவாவது செய்யும்மா" என்றாள்.

"எதுக்குத் திட்டுறது?" என்றாள் மீனம்மா. "நான் தினமும் வந்து அம்மாக்கண்ணு விழுந்த கதைய ஒங்கிட்ட சொன்னேன்ல. நீ கேட்டுக்கிட்டே சோறு தின்ன. அத நெனச்சாத்தான் எனக்கு வாய் வரமாட்டேங்குது." சொல்லிவிட்டு அழுதாள். அன்றைக்கு இருவரும் சேர்ந்து அழுத பிறகு வீட்டில் பேச்சு மெல்லத் திரும்பியது.

கோகிலவாணி அந்த ஆபீசிலேயே இருந்தாள், நிரந்தரமும் ஆனாள். இரண்டு வருடம் கழித்து தலவாக்கலையில் கல்யாணம் பேசி முடிந்தபோது, ஆபீசில் எல்லோருக்கும் வெற்றிலை வைத்துச் சொன்னாள். இவ்வளவு நாளும் தன்னோடு பேசாமலிருந்த அம்மாக்கண்ணுவிடமும் தட்டை நீட்டினாள்.

அம்மாக்கண்ணு வெற்றிலையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மாப்புள என்னா வேல பாக்குறாரு?" என்று கேட்டாள்.

கோகிலவாணி சொன்னாள். அம்மாக்கண்ணு இன்னும் இரண்டொன்று கேட்டாள். கல்யாணச் சேலை எடுத்தாச்சா, மாமியார் எப்படிப்பட்டவள் என்று. கோகிலவாணி நின்றபடியே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.